நானூற்றுப் பன்னிரண்டாவது கேள்வி

அலாரம் கடிகாரம் வருவதற்கு முன் மக்கள் காலையில் எப்படி எழுந்தார்கள்?

இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் அதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். நீண்ட கழியால் மாடி ஜன்னலைத் தட்டி எழுப்பிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். இதை எழுதி முடித்தபோது ஹெப்சிக்குச் சந்தேகம் வந்தது. அந்த ஆளை எழுப்பியது யார்? தேடினாள். அவரை யாரும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. இரவெல்லாம் விழித்திருந்து பகலில் உறங்கினார். அதையும் பதிலில் சேர்த்தாள்.

பழைய எகிப்தில் சாதாரண ஆள் என்ன சாப்பிட்டார்? ரொட்டி, வெங்காயம், பீர். ரொட்டியில் மணல் கலந்திருந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்தும் அவர்கள் பற்களில் அந்தத் தேய்மானம் தெரிகிறது.

இப்படி ஐந்நூறு கேள்விகள். பள்ளி மாணவர்கள் எழுதி அனுப்பியவை. ஒவ்வொன்றுக்கும் நூறு சொல்லில் பதில். சேலையூரில் இரண்டாம் மாடி வீட்டில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஹெப்சி ஒன்றரை வருடமாக எழுதினாள். வரலாற்றில் எம்.ஏ. படித்தவள். புத்தகத்துக்குப் பொறுப்பு பதிப்பகத்தில் இருந்த மாளவிகா. அவள் போட்ட விதி ஒன்றுதான். உலகத்தின் எந்த மூலையைப் பற்றிய கேள்வியானாலும் பதிலில் நம் பக்கத்து விஷயம் ஒரு வரி இருக்கவேண்டும்.

நானூற்றுத் தொண்ணூற்றொன்பது முடிந்துவிட்டன. 412 மட்டும் காலியாக இருந்தது.

திங்கட்கிழமை மாளவிகா கூப்பிட்டாள்.

"ஹெப்சி, வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகுதுப்பா. 412 வரலேன்னா தூக்கிட்டு வேற ஒண்ணு வெச்சிடறேன். டைனோசர் ஏதாவது."

"டைனோசர் வரலாறு இல்ல மாளவிகா."

"பசங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"வேணாம். எழுதிடறேன்."

கேள்வி இது: பழங்காலத்தில் பிறந்த குழந்தைகளில் பாதி இறந்துவிடுமாமே. பெற்றோருக்கு அது பழகிப்போயிருக்குமா?

பதினான்கு மாதங்களுக்கு முன் ஹெப்சிக்கு ஏழாம் மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. ஆறு மணி நேரம் இருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து அவள் நினைவு திரும்புவதற்குள் போய்விட்டது. அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. கட்டிலைவிட்டு இறக்கவில்லை. கணவன் ஜாய்சன்தான் தனியாகக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தான். மூன்றாம் நாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்னான்.

"அந்தக் காலத்துல பாதிப் பிள்ளைங்க போயிடும்னு நீதானே சொல்லுவே ஹெப்சி. அவங்கல்லாம் தாங்கிக்கலையா?"

அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளும் பேசவில்லை. ஐந்து மாதம் கழித்து அதே கேள்வி ஒரு மாணவியின் கையெழுத்தில் வந்தது. ஹெப்சி அதைத் தாண்டி 413க்குப் போனாள்.

அவர்களுக்குப் பழகியிருந்தது என்றால் தன்னிடம்தான் ஏதோ குறை. பழகவில்லை என்றால் இந்த வேதனை எத்தனை கோடிப் பேருக்கு, எத்தனை முறை நடந்திருக்கிறது. அதை எந்தச் சொல்லில் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் தெரிந்தாகவேண்டும். புத்தகத்துக்காக மட்டும் இல்லை.

செவ்வாய்க்கிழமை முழுவதும் படித்தாள். அறிஞர்கள் இரண்டு பிரிவாக இருந்தார்கள். பிழைக்காது என்று தெரிந்ததால் பெற்றோர் மனத்தை ஒட்டவைக்கவில்லை என்றார்கள் ஒரு பிரிவினர். இல்லை என்றார்கள் மற்றவர்கள். இரண்டு பக்கமும் ஐரோப்பாவாகவே இருந்தது. மாளவிகாவின் அந்த ஒரு வரிக்காக அவள் புதன்கிழமை காலை பல்லாவரத்துக்கு ரயில் ஏறினாள்.

அங்கே ஒரு பழைய தேவாலயம் இருந்தது. நூற்றைம்பது வருடத்துப் பதிவேடுகள் அதன் அலுவலகத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டவர் லாசரஸ். ஐம்பது வயது, அரைக்கைச் சட்டை, காதில் பேனா.

"எந்த வருஷம் சிஸ்டர்? கம்யூனிட்டி சர்டிபிகேட்டுக்கா?"

"இல்லண்ணா. சும்மா படிக்கணும்."

"சும்மாவா?" லாசரஸ் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "பதினெட்டு வருஷமா இங்க இருக்கேன். இதைச் சும்மா படிக்க வந்த மொத ஆள் நீங்கதான். கரப்பான்பூச்சியைக் கணக்குல சேக்கல."

விமானம் ஒன்று கூரையைத் தொடுவதுபோல் தாழ்ந்து இறங்கியது. அவர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "ஆனா ஜெராக்ஸ் கிடையாது."

ஞானஸ்நானப் பதிவேடு 1868இல் தொடங்கியது. ஊர்ச் சபையைப் பார்த்துக்கொண்ட உபதேசியாரின் கையெழுத்து கட்டம் கட்டமாக, ஒரே அளவாக இருந்தது. ஹெப்சி பக்கங்களைப் புரட்டினாள். நாலைந்து பக்கத்துக்கு ஒருமுறை ஒரு வகைப் பெயர் வந்தது.

தேவசகாயம் என்கிற குப்பன். மரியாள் என்கிற குப்பாயி. யோசேப்பு என்கிற பிச்சை. எஸ்தர் என்கிற மண்ணாங்கட்டி. அருளப்பன் என்கிற தவிடன்.

"இதென்னண்ணா, குப்பை, தவிடு, மண்ணுன்னு?"

லாசரஸ் எட்டிப் பார்த்தார். "கேலிப் பேரா இருக்கும். படிக்காத ஜனங்கதானே சிஸ்டர் அப்ப."

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. அவள் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக எல்லாப் பெயரும் வேதத்திலிருந்து எடுத்தவை. பெயரை ஜெபித்துத்தான் வைப்பார்கள். பிறந்த குழந்தைக்குக் குப்பை என்று பெயர் வைக்கும் மனத்தை அவளால் ஒரே ஒரு விதமாகத்தான் புரிந்துகொள்ள முடிந்தது.

அன்று மாலை எழுதினாள். பதில் இப்படி முடிந்தது. "பிழைக்குமா என்று தெரியாத குழந்தைக்கு நல்ல பெயரைச் செலவிட அவர்கள் விரும்பவில்லை. பல்லாவரத்துப் பழைய பதிவேடு ஒன்றில் குப்பை, தவிடு, மண் என்றெல்லாம் பெயர்கள் இருக்கின்றன. மனத்தை ஒட்டவைக்காமல் இருக்க அவர்கள் பழகியிருந்தார்கள்."

தொண்ணூற்றெட்டு சொல். அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் மாளவிகாவிடமிருந்து பதில் வந்தது. "அந்தக் குப்பை மேட்டர் செம."

ஹெப்சி மடிக்கணினியை மூடினாள். ஆக, ஜாய்சன் சொன்னது சரி. அவர்கள் தாங்கிக்கொண்டார்கள். அவள் பாத்திரம் கழுவினாள். கழுவியதையே திரும்பக் கழுவினாள்.

வியாழக்கிழமை காலை ஜோதிலட்சுமி வந்தாள். கோவளத்திலிருந்து வாரம் இரண்டு நாள் மீன் கொண்டுவருபவள். மாடிப்படி முடியும் இடத்தில் கூடையை இறக்கி, அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

"இன்னாம்மா, மூஞ்சி தொங்கிகினு கீது? சங்கரா எடுத்துக்க. கண்ணைப் பாரு, உன்னியவே மொறைக்குது."

"அரைக் கிலோ போடுங்கக்கா."

மாளவிகா கூப்பிட்டாள். ஹெப்சி வாசலிலேயே நின்று பேசினாள்.

"ஆமா, நிஜப் பேருதான். குப்பை, குப்பாயி, பிச்சை, தவிடன். ஆமா, பெத்தவங்களே வெச்சதுதான். ஒட்டுதல் இல்லேன்னுதானே அர்த்தம்? ... சரி, படம் போட்டுக்கோ."

போனை வைத்தாள். ஜோதிலட்சுமி செதில் உரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"யாருக்கும்மா ஒட்டுதல் இல்ல?"

"இல்லக்கா, இது பழைய விஷயம். நூத்தைம்பது வருஷம் முன்னாடி."

"எங்கண்ணன் பேரு தவிடன். அது இன்னா, நூத்தைம்பது வருஷமா?"

"உங்கண்ணன் பேர் ரங்கன்னு சொன்னீங்களே."

"அது ரேஷன் கார்டுக்கு. வூட்ல தவிடன். குப்பத்துல யாரை வேணா கேளு." கையில் மீனோடு அவள் நிமிர்ந்தாள். "அவனுக்கு முன்னால எங்கம்மாவுக்கு மூணு புள்ள பூட்ச்சி. மூணும் தவழல. இவன் பொறந்தான். பொறந்த அன்னிக்கே எங்கம்மா இன்னா பண்ணுச்சு தெரிமா? குப்பைமேட்ல கொண்டாந்து படுக்க வெச்சிட்டு, திரும்பிப் பாக்காம வந்துட்ச்சி."

ஹெப்சி வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"பக்கத்து வூட்டு அங்காளம்மாள் கிழவி போயி, 'ஐய, யாரோ புள்ளைய வீசிட்டாங்களே'ன்னு தூக்கியாந்துச்சு. எல்லாம் பேசி வெச்சதுதான். எங்கம்மா ஒரு மொறம் தவிடு குடுத்து அந்தப் புள்ளைய வாங்கினுச்சு. பெத்த புள்ள இல்ல, வாங்கின புள்ள. எமன் வந்து கேட்டா இன்னா சொல்லுவ? 'ஐயா, இது எங்க புள்ள இல்ல, குப்பைல கெடந்துது, தவிட்டுக்கு வாங்கினோம், இதப் போயி தூக்கினு போவியா?' பேரும் அப்டியே வெச்சாத்தான் அவன் நம்புவான். ஆசையா பேரு வெச்சா கண்டுக்குவான்ல."

"எல்லாரும் இப்படிச் செய்வாங்களா?"

"எல்லாரும் எதுக்குச் செய்யணும்? புள்ளைய பறிகுடுத்துட்டு ஒக்காந்தவதான் செய்வா." ஜோதிலட்சுமி மீனைத் திருப்பிப் போட்டாள். "குப்பைமேட்லேந்து வூட்டுக்கு எத்தினி தூரம்? அம்பது அடி. எங்கம்மா சாவற வரிக்கும் அதைச் சொல்லிகினே இருந்துச்சு. அந்த அம்பது அடி திரும்பிப் பாக்காம வந்தேன்டின்னு. ஒட்டுதல் இல்லியாம்!"

"உங்க அண்ணன் இப்ப..."

"அவனுக்கு இன்னா? அறுவத்திரெண்டு வயசு. தெனம் குடிச்சிட்டு எல்லாரையும் பேஜார் பண்ணிகினு கீறான். எமன் ஏமாந்தது ஏமாந்ததுதான்."

ஹெப்சி மீனை வாங்கி அப்படியே குளிர்பெட்டியில் வைத்தாள். தாம்பரம் நிலையத்தில் டிக்கெட் எடுக்கும்போதுதான் கையில் மீன் வாடை இருப்பதைக் கவனித்தாள். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம். மூன்றே நிலையம். உட்காரவில்லை.

"மறுபடியும் சும்மாவா?" என்றார் லாசரஸ்.

"அடக்கப் பதிவேடும் வேணும்ணா. இரண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கணும்."

முதலில் தேவசகாயம் என்கிற குப்பன். 1871. பெற்றோர் பெயரைக் குறித்துக்கொண்டாள். அடக்கப் பதிவேட்டில் பின்னோக்கிப் போனாள். 1870, அதே பெற்றோர், ஆண், பன்னிரண்டு நாள். 1869, அதே பெற்றோர், பெண், ஐந்து மாதம்.

மரியாள் என்கிற குப்பாயி. அவளுக்கு முன் மூன்று.

யோசேப்பு என்கிற பிச்சை. இரண்டு, இரட்டையர், ஒரே வாரத்தில்.

எஸ்தர் என்கிற மண்ணாங்கட்டி. ஐந்து.

அவள் என்ன தேடுகிறாள் என்று லாசரஸ் கேட்டார். சொன்னாள். அவர் எழுதிக்கொண்டிருந்ததை மூடி வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அடக்கப் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீங்க பேரைச் சொல்லுங்க. நான் தேடறேன்."

அவள் சொன்னாள். அவர் தேடினார். ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் அவர் விரல் ஒரு வரியில் நின்றது. "இருக்கு," என்றார். "இருக்கு. இன்னொண்ணும் இருக்கு." விமானங்கள் வந்தன, போயின. அவர் பேச்சை நிறுத்துவதை மறந்துவிட்டார். அந்தச் சத்தத்துக்குள் அவர் உதடு மட்டும் அசைந்தது. இருக்கு.

இருபது வருடப் பதிவில் அப்படிப் பத்தொன்பது பெயர்கள். பதினேழு பேருக்கு முன்னால் இறந்த குழந்தைகள் இருந்தார்கள். இரண்டு குடும்பங்கள் வெளியூரிலிருந்து வந்தவை, தேட வழியில்லை. சாதாரணப் பெயர் வைத்த குழந்தைகளுக்கு முன்னாலும் சிலருக்கு இறப்பு இருந்தது. எல்லோரும் இதைச் செய்யவில்லை. ஆனால் செய்தவர்கள் காரணம் இல்லாமல் செய்யவில்லை.

ஹெப்சி எழுந்து ஜன்னல் அருகே போனாள். வெளியே ஜிஎஸ்டி சாலையில் பேருந்துகள் நின்று நகர்ந்தன. இந்தப் பக்கமெல்லாம் அப்போது கல்மலையும் முள்காடும். எங்கோ இங்கேதான் அந்தக் குப்பைமேடுகள் இருந்திருக்கவேண்டும். பதினேழு பெண்கள் பிள்ளையைக் கிடத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து முழந்தாளிட்டவர்கள், ஒரே தேவனை நம்பினவர்கள், எமனையும் ஒரு கை பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். உபதேசியாருக்கு அது தெரிந்திருக்கிறது. கண்டிக்காமல் "என்கிற" என்று ஒரு சொல் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்.

"சிஸ்டர், இதைப் பாருங்க."

கல் உடைக்கும் ஆசீர்வாதம், அவர் மனைவி ஞானப்பூ. 1874இல் பெண், எட்டு நாள். 1875இல் ஆண், மூன்று மாதம். 1877, பஞ்ச வருடம், பெண், ஒரு வயது. 1879இல் ஆண், இரண்டு நாள். 1881இல் ஞானஸ்நானம்: அருளப்பன் என்கிற தவிடன்.

"இந்தப் பையன் பொழச்சானா?" என்று லாசரஸ் கேட்டார்.

ஹெப்சி அடக்கப் பதிவேட்டை முன்னோக்கிப் புரட்டினாள். 1881. 82. 83. ஒவ்வொரு பக்கத்திலும் மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஒரு குழந்தை. எப்படியும் இப்போது உயிரோடு இல்லை. ஆனாலும் பயந்தாள். 85. 86. 90 வரை வந்தாள். இல்லை.

"கல்யாண ரிஜிஸ்தர் இருக்கு," என்றார் லாசரஸ். அவரே ஏணி போட்டு ஏறினார். தூசியோடு இறங்கினார்.

1904. மணமகன் அருளப்பன். வயது இருபத்து மூன்று. தொழில், ரயில்வே கலாசி, அதாவது கூலியாள். தந்தை ஆசீர்வாதம், காலம் சென்றவர். தாய் ஞானப்பூ. கையொப்பம் என்ற இடத்தில், எழுதிப் பழகாத ஒருவர் அழுத்தி அழுத்தி எழுதியிருந்தார். பேனா முனை பட்டு இரண்டு இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

தவிடன்.

"நல்ல பேர் இருக்கும்போது அதையே போட்டிருக்கான் பாருங்க," என்றார் லாசரஸ். அந்தப் பெயரை விரலால் தொட்டார். "அம்மா வாங்கின பேராச்சே."

அன்று மாலை நான்கு மணிக்கு ஹெப்சி மாளவிகாவைக் கூப்பிட்டாள்.

"412ஐ மாத்தணும்."

"பக்கம் கட்டியாச்சு ஹெப்சி! குப்பைமேட்டுக்குப் படம்கூட வரைஞ்சாச்சு."

"படம் இருக்கட்டும். பதில் தப்பு. நேர் எதிரா தப்பு."

மறுமுனையில் மாளவிகா யாரிடமோ நேரம் கேட்டாள். "ஆறு மணி வரைக்கும் டைம். நூறு சொல்லு, ஒண்ணு கூடாது."

அவள் எழுதியது இது.

"பழகவில்லை. எழுபத்தெட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், இன்றைய கென்யாவின் ஒரு குகையில், மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தையைப் புதைத்தார்கள். உடலைச் சுற்றிக் கட்டி, தலைக்குக் கீழே மெத்தென்று எதையோ வைத்தார்கள். வைத்தது மக்கிவிட்டது. தலை சாய்ந்திருக்கும் விதத்தில் அது இன்றும் தெரிகிறது. நம் பக்கத்தில், பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி, யாரோ எடுத்துவந்ததுபோல் தவிடு கொடுத்து வாங்கினாள். குப்பன், தவிடன் என்று பெயர் வைத்தாள். சாவு ஏமாந்து போகட்டும் என்று. அப்படிப் பெயர் கொண்ட ஒருவர் உங்கள் குடும்பத்திலும் இருந்திருப்பார். அவருக்கு முன் பிறந்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. பாதிக் குழந்தைகள் இறந்தது உண்மை. ஒவ்வொரு முறையும் அது முதல்முறையாகவே இருந்தது."

எண்ணிப் பார்க்கவில்லை. அனுப்பிவிட்டாள்.

ஜாய்சன் ஒரகடத்தில் வேலை பார்த்தான். கம்பெனி பேருந்து அவனைப் படப்பை வழியாகக் கொண்டுவந்து இறக்கும்போது ஆறரை ஆகும். அன்று வந்தவனிடம் மடிக்கணினியைத் திருப்பினாள்.

"படி."

தோள்பையோடு நின்றுகொண்டே படித்தான். முடித்து, மேலே போய் மறுபடி படித்தான். பையைக் கழற்றிக் கீழே வைத்தான். நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தான்.

"ஹெப்சி, நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லல."

அவள் மடிக்கணினியை மூடினாள்.

"கல்லறை ஆபீஸ்ல நோட்டுல எழுதணும்னு சொன்னாங்க. பேர் என்னன்னு கேட்டாரு. வைக்கலைங்கன்னேன். அப்ப 'பெண் சிசு'ன்னு போட்டுக்கறேன்னாரு. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்களாம். போடாதீங்கன்னேன்." அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "வெளிய வந்து நின்னேன். கையில அவ இருந்தா. திரும்ப உள்ள போயி பேர் சொன்னேன்."

"என்ன பேர்?"

"நீ கேட்ட பேர்தான். ஜெரூஷா. நான்தான் கிறிஸ்டினா, கிறிஸ்டினான்னு உன்கூட ரெண்டு மாசம் சண்டை போட்டேன்."

தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. யாரோ குடத்தை உருட்டினார்கள்.

"ஏன் சொல்லல ஜாய்?"

"அவங்கல்லாம் தாங்கிக்கலையான்னு உன்னைக் கேட்டுட்டேனே. நானே தாங்கலன்னு அப்புறம் எப்படிச் சொல்றது?"

ஹெப்சி நாற்காலியிலிருந்து இறங்கி அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் முகத்தைத் துடைக்கவில்லை. அவளும் துடைக்கவில்லை.

"அவ எப்படி இருந்தா?"

"முடி நிறைய. உன் நெத்தி." ஜாய்சன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். "இவ்ளோதான் தலை. ஒரு டவலை மடிச்சு அடியில வெச்சேன். ஏன்னு தெரியல. வைக்கணும்னு தோணுச்சு."

சனிக்கிழமை காலை இருவரும் கல்லறை அலுவலகத்துக்குப் போனார்கள். அலுவலர் தேதியைக் கேட்டார். நீல அட்டை போட்ட பெரிய நோட்டை எடுத்து, விரலில் எச்சில் தொட்டுப் புரட்டி, அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

பால்பாயிண்ட் பேனா. அவசரக் கையெழுத்து. மேலும் கீழும் முதியவர்கள்: எழுபத்தொன்று, எண்பத்து நான்கு, அறுபத்தாறு. நடுவில் ஒரு வரி.

பெயர்: ஜெரூஷா. வயது: ஆறு மணி நேரம். தந்தை: ஜாய்சன். தாய்: ஹெப்சி.

தாய் என்ற கட்டத்தில் தன் பெயரை அவள் அதுவரை எங்கும் பார்த்ததில்லை.

"பாத்துட்டீங்களாம்மா?" அலுவலர் நோட்டின் அட்டையில் கை வைத்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் திறந்திருக்கட்டுங்க," என்றாள் ஹெப்சி.